ஜான் ஸ்பீடோட பழைய கென்ட் மேப்ல ரோடே இல்லையே, ஏன்? பழைய கவுண்டி அட்லஸ் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மெட்வே முருகன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல கென்ட் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி), ராச்செஸ்டர் பக்கத்துல இருக்கேன். எங்க தெருவுல ஒரு வயசான தம்பதி வீட்டை காலி பண்ணிட்டு மகன் வீட்டுக்கு போறப்ப, சுவர்ல மாட்டியிருந்த ஒரு பழைய மேப்பை ப்ரேமோட என் கையில கொடுத்துட்டாங்க, உனக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே வச்சுக்கோன்னு. பார்த்தா அந்தக் காலத்துல கவுண்டி கவுண்டியா மேப் போட்டு அட்லஸ் கொண்டு வந்த ஜான் ஸ்பீடோட கென்ட் மேப். மேல கேன்டர்பரி, ராச்செஸ்டர் ரெண்டு ஊருக்கும் குட்டி டவுன் பிளான், ஓரத்துல ஏர்ல்களோட (பிரபுக்களோட) கேடயச் சின்னம், கடல் பக்கம் கப்பல், குன்றெல்லாம் சின்னச் சின்ன மண்மேடு மாதிரி வரைஞ்சு வச்சிருக்காங்க, அவ்வளவு அழகு, ஆபீஸ் முடிஞ்சு வந்தா அதையே பார்த்துட்டு நிக்கிறேன்.

ஆனா ஒரு விஷயம் மண்டைய குடையுது. இதுல ரோடே கிடையாது. ஒரு கோடு கூட இல்ல. லண்டன்ல இருந்து டோவர் போற ரோடு ரோமானியர் காலத்துல இருந்து இருக்கு, இன்னிக்கும் ஏ2ன்னு அதே பக்கமாத்தான் போகுது, அது கூட இல்ல. மெட்வே ஆத்து மேல ராச்செஸ்டர் பாலத்தை மட்டும் போட்டிருக்காங்க, பாலத்துக்கு இந்தப் பக்கமும் ஒண்ணும் இல்ல அந்தப் பக்கமும் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு கிராமத்தையும் பேரோட போடத் தெரிஞ்சவங்க ரோட்டை ஏன் விட்டாங்க? அப்ப ஜனங்க எதைப் பார்த்து பயணம் போனாங்க, மேப்ல ரோடு எப்பதான் வந்துச்சு? அப்படியே இது அசல்தானா, எந்த வருஷத்து பிரிண்ட்னு எப்படி கண்டுபிடிக்கிறதுன்னும் சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.

நாடோடி வேலு:
முருகன், அந்த மேப்பெல்லாம் யாருக்காக போட்டாங்கன்னு முதல்ல பார்க்கணும், அதுலதான் பாதி பதில் இருக்கு.

ஸ்பீடுக்கு முன்னாடி கிறிஸ்டோபர் சாக்ஸ்டன்னு யார்க்ஷயர்காரர் ஒருத்தர். முதலாம் எலிசபெத் ராணி காலத்துல 1574ல இருந்து நாலஞ்சு வருஷத்துல இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க சுத்தி அளந்து, 1579ல அட்லஸா கொண்டு வந்தார். நாட்டுக்கு ஒரு பொது மேப், அதோட 34 கவுண்டி மேப். செலவு செஞ்சவர் தாமஸ் செக்ஃபோர்டுன்னு ஒரு அரசவை அதிகாரி. ஒவ்வொரு தாளும் அச்சாக ஆக முதல் பிரதி நேரா ராணியோட மந்திரி பர்லி பிரபு கைக்கு போகும், அவர் அதுல தன் கையெழுத்துலயே குறிப்பு எழுதி வச்சிருக்கார், இந்தப் பகுதியில நீதிபதிகள் யாரு, கரையில எதிரி எங்க இறங்கலாம்னு. அரசாங்கத்துக்கு வேண்டியது அதுதான்: எந்தப் பெரிய மனுஷன் எங்க இருக்கான், கடற்கரை எப்படி இருக்கு, ஆத்தை எங்க கடக்கலாம். பாலம் ஏன் இருக்குன்னு இப்ப புரியுதா? ஆத்தைக் கடக்க முடியுற இடம் எதுங்கிறது ராணுவத்துக்கு முக்கியம். ரெண்டு பாலத்துக்கு நடுவுல எப்படிப் போறதுங்கிறதை உள்ளூர்காரன் பார்த்துப்பான்.

உண்மையிலேயே உள்ளூர்காரன்தான் பார்த்துக்கிட்டான். 1576ல சாக்ஸ்டன் வேல்ஸ்ல அளக்கப் போறப்ப ராணியோட ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில் ஒரு உத்தரவுக் கடுதாசி கொடுத்து அனுப்புது. அதுல என்ன இருக்குன்னா, இவரை கோபுரம், கோட்டை, குன்றுன்னு உயரமான இடம் எங்க இருந்தாலும் கூட்டிட்டு போய் காட்டணும், ஊரை விட்டுக் கிளம்புறப்ப வெல்ஷ், இங்கிலீஷ் ரெண்டும் தெரிஞ்ச ஒரு குதிரைக்காரனை அடுத்த சந்தை ஊர் வரைக்கும் துணைக்கு அனுப்பணும்னு இருக்கு. மேப் போடுறவரே வழிகாட்டி இல்லாம அடுத்த ஊருக்கு போகல. அவர் வேலை உசரத்துல ஏறி நின்னு அங்கங்க தெரியுற சர்ச் கோபுரத்துக்கெல்லாம் கோணம் பார்க்கிறது. மலை மேல இருந்து பார்த்தா கோபுரம் தெரியும், வேலிக்கு நடுவுல வளைஞ்சு போற சேத்துப் பாதை தெரியாது.

இன்னொண்ணு, அன்னிக்கு ரோடுங்கிறது யாரோ போட்டு வச்ச ஒரு பொருளே இல்ல. இந்த வழியா போறதுக்கு எல்லாருக்கும் உரிமை உண்டு, அவ்வளவுதான். மழை பெஞ்சு சேறானா பக்கத்து வயல்ல ஏறி சுத்திப் போவாங்க, அடுத்த வருஷம் அதுவே பாதையாயிடும். 1555ல ஒரு சட்டம் போட்டு அந்தந்த பேரிஷ் (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர்) ஜனங்க வருஷத்துக்கு 4 நாள் சம்பளம் இல்லாம ரோடு வேலை செய்யணும்னாங்க, கொஞ்ச வருஷத்துல அதை 6 நாளாக்கினாங்க. தன் ஊரைத் தாண்டிப் போறவனுக்காக எவன் மனசு வச்சு வேலை செய்வான், சொல்லுங்க.

ஆனா ரோடு போடவே தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. ஜான் நார்டன் 1593ல மிடில்செக்ஸ் மேப்ல ரோடு போட்டுட்டார். உங்க கென்ட்லயே 1596ல பிலிப் சைமன்சன்னு ஒருத்தர் போட்ட மேப்ல ரோடு இருக்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த சைமன்சன் உங்க ராச்செஸ்டர் பாலத்தோட சொத்துக்களை அளக்கிற சர்வேயரா இருந்தவர். பாலத்து மேல தினம் வண்டி போறதைப் பார்க்கிற ஆளுக்கு அந்த வண்டி எங்க போகுதுங்கிற நினைப்பு வராம இருக்குமா. ஸ்பீடு அட்லஸ் வந்தது அதுக்கு 15 வருஷம் கழிச்சு, 1611-12ல. அவர் சாக்ஸ்டன் வழியிலேயே போயிட்டார்.

பயணம் போனவங்க கிட்ட இருந்தது மேப் இல்ல, பட்டியல். இந்த ஊர்ல இருந்து அந்த ஊர் இத்தனை மைல், அங்க இருந்து அடுத்தது இத்தனை மைல்னு வரிசையா எழுதி அச்சடிச்சு வித்தாங்க. மிச்சத்தை வழியில கேட்டுக்க வேண்டியதுதான். 1625ல அதே நார்டன் முக்கோண வடிவத்துல தூர அட்டவணை போட்டு ஒரு புத்தகம் கொண்டு வந்தார், ரெண்டு ஊர் பேரும் சந்திக்கிற கட்டத்துல தூரம் இருக்கும், பழைய ரோடு அட்லஸ் கடைசிப் பக்கத்துல நாம பார்ப்போமே அதே அட்டவணைதான், 400 வருஷமா அப்படியே வந்துட்டு இருக்கு.

ஈஸ்ட்ஹாம் செல்வி:
முருகன் தம்பி, வேலு சொன்னதுக்குப் பிறகு நான் ஓகில்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. நான் இருக்கிறது லண்டனில, நூலகத்தில அந்தப் புத்தகத்தை ஒருக்கா எடுத்துப் பாத்தனான், அதில இருந்து எனக்கு வேற மேப் ஒண்டும் பெரிசாத் தெரியிறேல்லை.

ஜான் ஓகில்பி 1600ல ஸ்கொட்லாந்தில பிறந்தவர். முதல் டான்ஸ் மாஸ்டர், ஆடேக்க விழுந்து கால் ஊனமாப் போச்சு, பிறகு டப்ளினில நாடகக் கொட்டகை நடத்தினவர், பிறகு கிரேக்கம், லத்தீன் காவியங்களை மொழிபெயர்த்து வித்தவர், 1666 லண்டன் தீயில எல்லாத்தையும் இழந்தவர். 75 வயசில, 1675ல, "பிரிட்டானியா" எண்டு ரோட்டை மட்டுமே காட்டிற அட்லஸ் ஒண்டைக் கொண்டு வந்தார். 100 தாள், ஏழாயிரத்து ஐந்நூறு மைல் அளவு ரோடு, எல்லாம் ஒரு இஞ்சிக்கு ஒரு மைல். அடுத்த வருஷமே செத்துப் போனார்.

அந்தத் தாள் எப்பிடி இருக்கும் எண்டால், சுருள் காகிதத்தை நீட்டு நீட்டாக் கிழிச்சுப் பக்கத்தில பக்கத்தில அடுக்கி வச்ச மாதிரி. இடப்பக்கம் கீழ இருந்து வாசிக்கத் தொடங்கி மேல போய், அடுத்த துண்டில திரும்பக் கீழ இருந்து தொடங்க வேணும். ரோடு எப்பவும் உங்களுக்கு முன்னாலதான் போகும், வடக்குத்தான் துண்டுக்குத் துண்டு திரும்பும், அதுக்காக ஒவ்வொரு துண்டிலயும் தனித்தனியா ஒரு திசைகாட்டி கீறி இருக்கினம். ரெண்டு பக்கமும் வேலி கட்டின ரோடு எண்டால் முழுக்கோடு, திறந்த வெளி எண்டால் புள்ளிக்கோடு. பக்கத்தால பிரியிற சின்ன ரோட்டின்ர வாயில அது எந்த ஊருக்குப் போகுது எண்டு எழுதிக் கிடக்கும். பாலம் கல்லா மரமா எண்டும் இருக்கும். குன்றைப் பாக்க வேணும் நீங்கள்: ஏற்றம் எண்டால் குன்று நேரா நிக்கும், இறக்கம் எண்டால் அதே குன்றைத் தலைகீழாக் கீறி வச்சிருக்கினம்! குதிரையில போறவனுக்கு என்ன வேணும் எண்டு யோசிச்சுச் செய்த வேலை இது. டோவர் ரோட்டுத் தாளில டெட்ஃபோர்டு, ஷூட்டர்ஸ் ஹில், டார்ட்ஃபோர்டு, உங்கட ராச்செஸ்டர், கேன்டர்பரி எல்லாம் வரிசையா வரும், நான் விரலை வச்சு வச்சு டோவர் வரைக்கும் போனனான்.

மைல் கணக்கும் அவராலதான் ஒழுங்குக்கு வந்தது. 1760 யார் (கெஜம்) ஒரு மைல் எண்டு 1593லயே சட்டத்தில வந்திட்டுது, ஆனா ஊருக்குள்ள ஆக்கள் தங்கட பழைய நீட்டு மைலிலதான் சொல்லிக் கொண்டிருந்தவை. 1570களின்ர பட்டியலில டோவர் – லண்டன் தூரங்களைக் கூட்டினால் 55 மைல்தான் வரும். சட்ட மைலில அளந்தால் 71ஐத் தாண்டும். 55 எண்டு நம்பிக் குதிரையை வாடகைக்கு எடுத்தவனையும் குடுத்தவனையும் யோசிச்சுப் பாருங்கோ. ஓகில்பி எல்லா ரோட்டையும் சட்ட மைலில அளந்து போட்ட பிறகுதான் அந்த மைல் நாடு முழுக்க வழக்கத்துக்கு வந்தது.

மெட்வே முருகன்:
செல்வி அக்கா, தலைகீழ் குன்று விஷயம் படிச்சதும் புல்லரிச்சுப் போச்சு. வேலு ப்ரோ, சைமன்சன் பத்தி சுத்தமா தெரியாது, நான் தினம் அந்த பாலத்து மேலதான் வேலைக்கு போறேன்.

நேத்து ராத்திரி லென்ஸ் வச்சு கீழ் ஓரத்தைப் படிச்சேன். தாமஸ் பாசெட், ஃபிளீட் ஸ்ட்ரீட், ரிச்சர்டு சிஸ்வெல், செயின்ட் பால்ஸ் சர்ச்யார்டு, இவங்க கிட்ட கிடைக்கும்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. இதை வச்சு வருஷம் சொல்ல முடியுமா?

செப்புத்தகடு சங்கர்:
சொல்லலாம் முருகன், தாராளமா. பாசெட், சிஸ்வெல் ரெண்டு பேர் பேரும் இருந்தா அது 1676 பதிப்பு. முதல் பதிப்பா இருந்தா சட்பரி, ஹம்பிள்னு பேர் இருக்கும். இப்ப வருஷத்தைக் கவனிங்க. ஓகில்பியோட ரோடு அட்லஸ் வந்தது 1675. அடுத்த வருஷமே அதே லண்டன்ல, 65 வருஷப் பழைய செப்புத்தகட்டுல இருந்து ரோடே இல்லாத கென்ட்டை அச்சடிச்சு வித்திருக்காங்க, ஜனங்களும் வாங்கியிருக்காங்க. உங்க சுவர்ல மாட்டியிருக்கிறது அந்தத் தாள்தான்.

ஏன்னா அட்லஸ் வியாபாரத்துல சொத்துன்னா செப்புத்தகடுதான். ஒரு கவுண்டியை இடம் வலம் மாறின பிம்பமா செம்புல கையால செதுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல, ஸ்பீடோட தகடெல்லாம் ஆம்ஸ்டர்டாம்ல ஹோண்டியஸ் பட்டறையில செதுக்கினது. அதனால ஒருத்தர் செத்தா, கடை மூடினா, தகடு கை மாறும், வாங்கினவன் கீழ இருக்கிற பேரை மட்டும் தட்டித் தேய்ச்சுட்டு தன் பேரைச் செதுக்கி திரும்ப அச்சடிப்பான். சாக்ஸ்டனோட 1570கள் தகடு 18ம் நூற்றாண்டு வரைக்கும் ஓடியிருக்குன்னா பாருங்க. உள்ள இருக்கிற நிலம் அதே பழைய எலிசபெத் காலத்து நிலம், தலைப்புல மட்டும் புதுசு, திருத்தப்பட்டதுன்னு இருக்கும்.

ரோடு கவுண்டி அட்லஸுக்குள்ள வந்ததும் இந்த வழியாத்தான். ஓகில்பி அளந்து கொடுத்த பிறகு எல்லாரும் அதுல இருந்து எடுத்தாங்க. ஃபிலிப் லீங்கிற லண்டன் மேப் வியாபாரி சாக்ஸ்டனோட பழைய தகடுகளை வாங்கி 1690 வாக்குல அதுலயே ரோட்டைச் செதுக்கிச் சேர்த்தார். ஸ்பீடு தகடுகள் பிற்பாடு ஹென்றி ஓவர்ட்டன்னு இன்னொரு வியாபாரி கிட்ட போச்சு, அவரும் 18ம் நூற்றாண்டு தொடக்கத்துல அதையே பண்ணினார். அதனால உங்களோட இதே கென்ட் மேப், இதே கப்பல், இதே கேடயத்தோட ரோடு போட்டும் கிடைக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, ரோடு வர்றதுக்கு முன்னாடியே ஊர் பேர் இருந்ததால கோடு பல இடத்துல எழுத்து மேலயே ஏறிப் போறது தெரியும்.

இதுக்கு நடுவுல 1695ல ராபர்ட் மார்டன் புதுத் தகடு செதுக்கி கவுண்டி மேப் போட்டார், முதல்ல இருந்தே ரோடோட. அதுல ஸ்கேல் பார்த்தீங்கன்னா ஒண்ணு இல்ல, மூணு இருக்கும்: பெரிய மைல், நடு மைல், சின்ன மைல். செல்வி சொன்ன 55க்கும் 71க்கும் நடுவுல நடந்த சண்டை அந்தத் தாள் மூலையிலேயே நிக்குது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பழைய மேப் சேர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு மார்டன்தான் சரி, ஸ்பீடு மாதிரி அலங்காரம் இருக்காது, விலையும் அந்த அளவு இருக்காது, ஆனா ரோட்டு கதை பூரா அதுல இருக்கு.

அசலான்னு கேட்டீங்க. ப்ரேமை விட்டு எடுத்து வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க, காகிதத்துல வரிவரியா, கையால காகிதம் செஞ்ச சல்லடையோட கம்பித் தடம் தெரியணும். மேப்பைச் சுத்தி தகடு அழுத்தின பள்ளம் இருக்கணும், விரல்லயே தெரியும். நடுவுல மடிப்பு இருக்கணும், ஏன்னா அது புத்தகத்துல இருந்து வந்த தாள். 1676 பதிப்புன்னா பின்பக்கம் கென்ட் பத்தி இங்கிலீஷ்ல அச்சடிச்ச கட்டுரை இருக்கும். பச்சை கலர் பூசின இடம் இருந்தா பின்னாடி திருப்பிப் பாருங்க, அந்தக் காலத்து பச்சை செம்புத் துருவுல செஞ்சது, காகிதத்தை அரிச்சு பின்பக்கம் பழுப்பா இறங்கியிருக்கும். அது இல்லைன்னா கலர் பின்னால யாரோ பூசினதா இருக்கலாம், அதனால மேப் போலின்னு அர்த்தம் இல்ல.

சர்வேயர் கணேசன், திருச்சி:
நான் சர்வே டிபார்ட்மென்ட்ல இருந்து ரிடையர் ஆனவன், வேலையில சேர்ந்த புதுசுல நிலம் அளக்கிற சங்கிலி பிடிச்சிருக்கேன், அதனால அளந்த விதத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

ஓகில்பி ஆட்கள் அளந்தது சக்கரத்தால. ஒருத்தர் கைப்பிடியைப் பிடிச்சு ரோட்டுல தள்ளிட்டே நடப்பார், சக்கரம் சுத்தச் சுத்த பல்சக்கரம் முள்ளை நகர்த்தும், முகப்புல தூரம் காட்டும். பிற்காலத்து சக்கரங்கள்ல பொதுவா சுற்றளவு எட்டேகால் அடி, 640 சுத்து சுத்தினா சரியா ஒரு மைல். இதுல ஒரு சங்கடம் இருக்கு. சக்கரம் குழியில இறங்கி ஏறினாலும் கணக்குல சேரும், மேட்டுல ஏறுறப்ப சரிவு நீளம்தான் கிடைக்கும், சேத்துக்கு சுத்திப் போனா அதுவும் சேரும். ஆக தூரம் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் வரும், குறையாது. பயணம் போறவனுக்கு அதனால நஷ்டமே இல்ல, அவனும் அதே குழியில இறங்கித்தானே ஏறப் போறான். ஆனா அந்த நீளத்தை வச்சு ஒரு நாட்டோட வடிவத்தை வரைய முடியாது. கவுண்டி மேப்காரங்க ஓகில்பி ரோட்டைத் தங்க தாள்ல பொருத்துறப்ப ரெண்டும் சரியா உட்காராது, வளைச்சு நெளிச்சுத்தான் போடணும்.

அதைத் தீர்த்தது முக்கோண அளவை, அதாவது பேஸ்லைன்னு ஒரு கோட்டை மட்டும் துல்லியமா அளந்துட்டு, மிச்ச தூரத்தையெல்லாம் கோணம் பார்த்து கணக்குப் போடுறது. 1784ல வில்லியம் ராய் ஹவுன்ஸ்லோ வெளியில 27,404 அடி நீளத்துக்கு ஒரு பேஸ்லைன் அளந்தார், கண்ணாடிக் குழாயெல்லாம் வச்சு இம்மி பிசகாம. அந்தக் கோட்டோட ரெண்டு முனையையும் குறிக்க பின்னால பீரங்கியை நிமிர்த்தி புதைச்சாங்க, அதுல ஒண்ணு இன்னிக்கு லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட் ஓரத்துல இருக்கு. அந்தக் கோட்டுல இருந்து முக்கோணம் முக்கோணமா 1787ல உங்க கென்ட் வழியா டோவர் வரைக்கும் போய், கடலைத் தாண்டி பிரெஞ்சுக்காரங்க முக்கோணத்தோட இணைச்சாங்க. பிரான்ஸ் மேல பயம் வேற. அதனாலதான் பிரிட்டன் அரசாங்கத்தோட மேப் துறையான ஆர்டினன்ஸ் சர்வேயோட ஒரு இஞ்ச் (மைலுக்கு ஒரு இஞ்ச்) மேப் வரிசையில முதல்ல வந்தது கென்ட், 1801 ஜனவரி 1ம் தேதி. சக்கரத்துல அளந்த ரோடு, கோணத்துல அளந்த நிலத்து மேல சரியா உட்கார்ந்தது அப்பத்தான். ராய் பின்பத்தின அதே முறையிலதான் லாம்ப்டன் 1802ல நம்ம பரங்கிமலை பக்கத்துல ஏழரை மைல் பேஸ்லைன் போட்டார், இந்தியாவோட பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் ஆரம்பம்.

ஈஸ்ட்ஹாம் செல்வி:
கணேசன் ஐயா, அருமையாச் சொன்னீங்கள். ஒண்டு சேர்க்கிறன், ரோட்டு மேப் சாமானிய ஆக்களின்ர கைக்கு வந்த கதை. ஓகில்பியின்ர புத்தகம் பெரிய பாரம், பயணத்தில கொண்டு போகேலாது. 1719-20ல தான் அதைச் சுருக்கி பொக்கெட் அளவில மூண்டு பேர் போட்டி போட்டுக் கொண்டு வந்தவை. பிறகு டோல்கேட் ரோடுகள் பெருகி, 1784ல தபால் கோச் எண்ட குதிரை வண்டியும் ஓடத் தொடங்கிட்டுது. தபாலைக் கொண்டு போற குதிரைக்கு மைல் கணக்கில காசு எண்டபடியால் ஒரு மைல் பிழைச்சாலும் யாரோ ஒருத்தருக்கு நட்டம். 1794ல தபால் துறையே ஜான் கேரி எண்டவரைப் பிடிச்சு ரோடுகளைத் திரும்ப அளக்கச் சொன்னது. ஏறத்தாழ 9000 மைல், திரும்பவும் சக்கரத்தாலதான். 1798ல அந்தக் கணக்கைப் புத்தகமாப் போட்டார். கேரியின்ர கவுண்டி மேப்பில ஏர்ல் கேடயமும் இல்லை கப்பலும் இல்லை, ரோடுதான் முதல் கண்ணில படும். உங்கட ஸ்பீடுக்குப் பக்கத்தில கேரியின்ர கென்ட்டையும் வாங்கி மாட்டுங்கோ தம்பி.

மெட்வே முருகன்:
இன்னிக்கு ப்ரேமைப் பிரிச்சுப் பார்த்துட்டேன்! கம்பித் தடம் இருக்கு, தகடு பள்ளம் இருக்கு, பின்பக்கம் ரெண்டு பத்தியா கென்ட் பத்தின கட்டுரை முழுசா இருக்கு. காட்டுப் பகுதியில பூசின பச்சை பின்னாடி பழுப்பா இறங்கியிருக்கு சங்கர், நீங்க சொன்ன மாதிரியே. ஒரு கேள்வி மட்டும்: மடிப்பு ஓரத்துல பழைய செல்லோடேப் ஒட்டி மஞ்சளாயிருக்கு, அதை நானே பிரிக்கலாமா? அப்புறம் எங்க மாட்டுறது?

செப்புத்தகடு சங்கர்:
வாழ்த்துகள் முருகன்! டேப்பை தொடாதீங்க, உரிச்சா மேல் காகிதமும் அதோட வந்துடும். காகிதப் பராமரிப்பு தெரிஞ்ச கன்சர்வேட்டர் கிட்ட கொடுங்க, உங்க கவுண்டி ஆவணக் காப்பகத்துல கேட்டா ஆள் சொல்லுவாங்க. அங்க போறப்ப சைமன்சன் மேப் பார்க்கக் கிடைக்குமான்னும் கேட்டுப் பாருங்க. ப்ரேம்காரர் கிட்ட பின் அட்டை அமிலம் இல்லாததா போடச் சொல்லுங்க, கண்ணாடி தாள் மேல ஒட்டாம நடுவுல மவுன்ட் இடைவெளி இருக்கணும், கண்ணாடியும் யூவி தடுக்கிற வகையா இருக்கட்டும். வெயில் படுற சுவரும் வேணாம், ஹீட்டர் மேலயும் வேணாம், படிக்கட்டுப் பக்கம் நிழலா இருந்தா அங்க மாட்டுங்க.